கதவைத் திறந்தது யார்? அலாரம் கீ பேடைக் கேளுங்கள்

வீட்டில் திருட்டு அலாரம் வைத்திருப்பவர்கள் பலரும் அதனை ஆன் செய்யவும் ஆப் செய்யவும் மட்டுமே கீ பேடைத் தொடுகின்றனர். அதன் பின்னணியில் ஒரு டைரியும் எழுதப்பட்டு வருகிறது. அலாரம் எப்போது ஒலித்தது, எந்த கோட் கொடுத்து நிறுத்தப்பட்டது, மின்சாரம் எப்போது போனது என்பதெல்லாம் தேதி, நேரத்துடன் அதில் இருக்கும்.

கனடாவில் பல வீடுகளில் இருக்கும் டி.எஸ்.சி. பவர்சீரிஸ் பேனலை எடுத்துக் கொள்வோம். இதன் 1616, 1832, 1864 மாடல்கள் 500 நிகழ்வுகள் வரை நினைவில் வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் பழையவை அழிந்துவிடும். இதனைப் படிக்க எழுத்துகள் தெரியும் எல்.சி.டி. கீ பேட் வேண்டும். வெறும் விளக்குகள் மட்டும் எரியும் கீ பேடில் படிக்க முடியாது.

முதலில் ஸ்டார் கீ, அடுத்து 6, பின் மாஸ்டர் கோட் அழுத்தவும். அம்புக்குறி கீயால் நகர்ந்து சென்று, "ஈவண்ட் பஃபர்" என்று வரும்போது ஸ்டார் கீயை அழுத்தவும். இனி அம்புக்குறி கீ ஒவ்வொரு நிகழ்வாகக் காட்டும். மீண்டும் ஸ்டார் அழுத்தினால் அந்த நிகழ்வின் தேதியும் நேரமும் கிடைக்கும். முடிந்ததும் # கீயால் வெளியேறலாம்.

படிப்பது சுலபம். படித்ததை நம்புவதில்தான் சிக்கல். டொரண்டோவில் என் தம்பி வீட்டில் ஒரு ஜோடி கம்மல் காணாமல் போனது. பதிவைப் பார்த்தோம். வீடு சுத்தம் செய்ய வரும் அம்மா காலையில் வந்து போன பின், 2.15க்கு அவருடைய 02ஆம் கோடால் அலாரம் மறுபடி ஆப் செய்யப்பட்டிருந்தது. போலீசைக் கூப்பிடப் போனான் தம்பி. "நீ இன்று எத்தனை மணிக்குக் கிளம்பினாய்?" என்றேன். எட்டு மணி. பதிவிலோ ஏழு! குளிர்காலத்தில் செட் செய்த பேனல் கடிகாரத்தை, மார்ச்சில் நேரம் மாறியபோது யாரும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளவில்லை. ஆக 2.15 என்பது உண்மையில் 3.15. அது பள்ளி விட்டுப் பையன் வரும் நேரம். அவனுக்கும் அதே 02 கோடைத்தான் கொடுத்திருந்தார்கள். கம்மல் இன்னும் கிடைக்கவில்லை. அந்த அம்மா வழக்கம் போல வேலைக்கு வருகிறார்.

பேனலுக்குத் தெரிவது கோட் எண் மட்டுமே. அழுத்திய விரல் யாருடையது என்று தெரியாது. அலாரம் ஆப் ஆக இருக்கும்போது யார் எந்தக் கதவைத் திறந்தாலும் அது இந்தப் பதிவில் வராது. (இதைப் பலர் எதிர்பார்த்து ஏமாறுகின்றனர்.)

எனவே பதிவைத் திறக்கும் முன் கீ பேடில் தெரியும் நேரத்தை உங்கள் மொபைல் போனுடன் ஒப்பிடுங்கள். தவறாக இருந்தால் ஸ்டார், 6, மாஸ்டர் கோட், 1 அழுத்தி, 24 மணிக் கணக்கில் நேரத்தையும், பின் மாதம், தேதி, வருடம் என்ற வரிசையில் இரண்டிரண்டு இலக்கங்களாகவும் தரவும். மதியம் 3.15 என்றால் 1515. ஒவ்வொருவருக்கும் தனி கோட் கொடுக்க ஸ்டார், 5, மாஸ்டர் கோட், அடுத்து 03 போன்ற இரண்டு இலக்க எண், பின் புதிய கோட். எந்த எண் யாருக்கு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாளை மட்டும் கீ பேடின் மேல் ஒட்ட வேண்டாம்.