பூட்டிய வீட்டுக்குள் சாவி

இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை இணைத்து, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதச் செய்தால் அது ரெய்ட் 1. மூன்று டிஸ்க்குகள் இருந்தால் இன்னும் சிக்கனமான வழி உண்டு: ரெய்ட் 5. மூன்றிலும் ஒரே இடத்தில் உள்ள பிட்டுகளை எடுத்தால், அவற்றில் 1களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி எழுதிவைப்பார்கள். எந்த டிஸ்க் செத்தாலும், மிச்சம் இரண்டில் உள்ள 1களை எண்ணினாலே தொலைந்த பிட் எதுவென்று தெரிந்துவிடும். இவ்வளவுதான் சூத்திரம்! 1988-இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் ரெய்ட் என்ற பெயரைப் பரப்பியது.

படங்களையும் கோப்புகளையும் இப்படிச் சேமிப்பதில் சிக்கல் இல்லை. இயங்குதளத்தையே அதில் நிறுவும்போதுதான் வேடிக்கை. தனித்தனி டிஸ்க்குகளை ஒரே டிஸ்க்காகக் கோக்கத் தெரிந்த மென்பொருள், கோத்த பிறகே திறக்கும் அந்தத் தொகுப்புக்குள் இருக்கிறது. சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை.

லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. டெபியனில் டிஸ்க்கைப் பிரிக்கும் கட்டத்திலேயே ரெய்டை அமைத்துக்கொள்ளலாம். நிறுவி முடியும் தறுவாயில் இன்ஸ்டாலர் ஒரு குட்டிக் கோப்பு மூட்டையைக் கட்டுகிறது. கணினி எழும்போது கெர்னலோடு அந்த மூட்டையும் நினைவகத்துக்குள் ஏறும். அதிலுள்ள ‘எம்டிஆட்ம்’ என்ற கருவி டிஸ்க்குகளைக் கோத்துத் தந்ததும் உண்மையான இயங்குதளத்திடம் பொறுப்பு கைமாறும். விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. டிஸ்க்குகளைக் கோக்கும் ரெய்ட் அட்டையை அதற்கு அடையாளம் தெரியாவிட்டால், நிறுவத் தொடங்கியதும் எஃப் 6 விசையை அழுத்தி, டிரைவரை ஃபிளாப்பியில் கொடுக்க வேண்டும். ஃபிளாப்பி டிரைவே இல்லாத கணினிகள் வந்த பிறகும் அதே கதைதான்.

சரி, மூட்டையையும் கெர்னலையும் நினைவகத்தில் ஏற்றுவது யார்? பூட்லோடர். இரண்டு டிஸ்க்கில் ஒன்றில் மட்டும் அது இருந்து, அந்த டிஸ்க் போய்விட்டால், தரவு முழுசாக இருந்தும் கணினி எழாது. எனவே இரண்டிலும் வேண்டும். ஆனால் புதிய கணினிகளை எழுப்பும் யூஇஎஃப்ஐ என்ற உள்மென்பொருள், பூட்லோடரை ஃபேட் வகைப் பகிர்வில்தான் தேடும். லினக்ஸின் ரெய்ட் அதற்குத் தெரியாது. சிலர் அந்தப் பகிர்வையும் ரெய்ட் 1 ஆக்கி, ரெய்ட் பற்றிய குறிப்பைப் பகிர்வின் கடைசியில் ஒளித்துவைப்பார்கள். அந்தக் குறிப்பின் வடிவம் 1.0 செய்வது அதுதான், வழக்கமான 1.2 தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி எழுதும். குறிப்பு கடைசியில் இருப்பதால் யூஇஎஃப்ஐ அதைச் சாதாரண ஃபேட் என்றே நம்பிப் படித்துவிடும்.

எனக்கு இந்தக் கண்கட்டு வித்தையில் நம்பிக்கை இல்லை. யூஇஎஃப்ஐ எப்போதாவது அங்கே ஏதாவது எழுதினால் ஒரு டிஸ்க்கில் மட்டும் எழுதும். இரண்டும் வேறுபட்டது ரெய்டுக்கு உடனே தெரியாது. உபுண்டு சர்வரின் இன்ஸ்டாலர் இதில் நேர்வழியில் போகிறது: ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனித்தனி ஃபேட் பகிர்வு வைத்துக்கொள்ளலாம், பூட்லோடரான கிரப் புதுப்பிக்கப்படும்போது எல்லாவற்றிலும் எழுதப்படும்.