வீட்டுக் கணினியும் காப்புப் பிரதியும்: யாழ்ப்பாணச் சூழலை ஒட்டிய ஒரு நோக்கு

நூலின் அழிவு வேறு. அந்நூலின் ஒரு படியின் அழிவு வேறு. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் அச்சிட்ட நூல்கள் பலவற்றின் வேறு படிகள் பிறவிடங்களில் இருந்தன. ஒற்றைப் படியாய் அங்கு மட்டும் பேணப்பட்ட ஏடுகளுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் அத்தகைய மீட்பு வாய்க்கவில்லை. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை அத்தீயோடு மறைந்தொழிந்தது என இன்றும் எழுதுவார் உளர். அது பொருந்தாக் கூற்று. 1879இலேயே பிறிற்றோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தமிழ் மூலமும் அச்சேறியுள்ளது. எரிந்தது படியேயன்றி நூலன்று.

இவ்வேறுபாடே காப்புப் பிரதி என்னும் கருத்தின் அடிப்படையாகும். இன்று யாழ்ப்பாணத்து வீடொன்றின் கணினியில் காணி உறுதியின் படம், பிள்ளைகளின் சான்றிதழ்கள், மறைந்த பெற்றோரின் ஒளிப்படங்கள், ஆய்வாளராயின் பல்லாண்டு உழைப்பின் குறிப்புக்கள் ஆகியன ஒரே வன்தட்டில் ஒற்றைப் படியாய்க் கிடத்தல் வழக்கம். கணினியின் செயலிகளை மீள நிறுவிக்கொள்ளலாம். திரைப்படங்களையும் பாடல்களையும் மீளப் பெறலாம். ஆகவே எம்முறையைத் தெரிவது என்னும் வினாவுக்கு முன்னர், எவை மீளப் பெறமுடியாதன என்னும் வினாவே எழுதல் வேண்டும். அங்ஙனம் பிரித்தெடுப்பின் பெரும்பாலான வீடுகளிற் காக்கவேண்டிய பொருளின் அளவு எதிர்பார்த்ததிலும் சிறியதாகவே அமையும்.

பழைய ஏடெழுதுவோர் இவ்வினாவை நன்கறிந்திருந்தனர். பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் ஈரமும் அதனை அரிக்கும். ஆதலின் பழைய ஏடு முற்றாகச் சிதையுமுன் புத்தோலையிற் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதும் வழக்கம் அற்ற நூல்கள் இறந்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, சிதைந்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே பாடங் கண்டார். ஒப்பிடுவதற்கு வேறொரு படி இருந்தமையாலன்றோ அது கைகூடிற்று!

நொத்தாரிசு முன்னிலையில் நிறைவேறும் உறுதியும் ஈண்டு நோக்கத்தக்கது. மூல உறுதி உரியவரிடம் செல்கின்றது. ஒரு படி நொத்தாரிசிடம் தங்குகின்றது. இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகின்றது. ஒருவர் கையிலுள்ளது தொலையினும் மற்றையன உள. எனினும் இவ்வொழுங்கில் ஒரு குறை உண்டு. வீடும் நொத்தாரிசின் அலுவலகமும் பதிவகமும் ஒரே நகரில் அமைதல் கூடும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் பெயர்ந்தனர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையோர வீடுகளை அடித்துச் சென்றது. இத்தகைய இடர்கள் தனித்தனி வீட்டைத் தெரிந்து தாக்குவனவல்ல, ஊரையே தாக்குவன.

கணினித் துறையார் 'மூன்று, இரண்டு, ஒன்று' என ஒரு விதி கூறுவர். பீற்றர் குறோ என்னும் ஒளிப்படக் கலைஞர் இதனைப் பரவச் செய்தார். மூன்று படிகள், இருவகைச் சேமிப்புப் பொருள்களில், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் என்பது அதன் பொருள். மூன்றாம் உறுப்பே எமக்கு முதன்மையானது. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரிற் பெரிய தரவு நிலையமொன்று எரிந்தபோது, காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

இனிச் சேமிப்புப் பொருள்களை நோக்குவோம். புறவன்தட்டு விலை குறைந்தது, கொள்ளளவு மிக்கது. ஆயின் சுழலும் உறுப்புடையதாகலின் கைதவறி வீழின் பழுதுறும். எழுதத்தக்க ஒளித்தட்டின் சாயப்படலம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாளடைவில் மங்கும். விரற்சேமிப்பி, திண்மநிலைத் தட்டு ஆகியவற்றில் தரவு மின்னேற்றமாகவே நிற்கின்றது. நெடுங்காலம் மின்னிணைப்பின்றிக் கிடப்பின் அவ்வேற்றம் கசியும். ஆகவே அவற்றை அலுமாரியில் வைத்து மறப்பது தகாது. உப்புக்காற்று வீசும் கரையோர வீடுகளில் எப்பொருளையும் ஈரமுறிஞ்சும் சிறு பொதியுடன் இறுக மூடிய பெட்டியில் வைத்தல் நலம். பிரதி எடுக்கும் வேளையில் மின் தடைப்படின் எழுதப்படும் கோப்புச் சிதையலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வேற்றிடப் படிக்கு முகிற் சேமிப்பு எளிய வழி. எனினும் அதன் முதற் பதிவேற்றம் பொறுமையைச் சோதிக்கும். 500 கிகாபைற்று அளவினை நொடிக்கு 10 மெகாபிற்று வேகத்தில் ஏற்ற, இடையறாது இயங்கினும் ஏறத்தாழ 111 மணிநேரம் செல்லும். தவணைக் கட்டணம் தவறின் சேமிப்பும் நிலையாது. கொழும்பிலோ ரொறன்ரோவிலோ உறவினர் இல்லாத யாழ்ப்பாணக் குடும்பம் அரிது. ஊருக்கு வந்து செல்பவர் கையில் ஆண்டுதோறும் ஒரு வன்தட்டைக் கொடுத்தனுப்புதல் நாகரிகக் குறைவான முறையெனச் சிலர் கருதினும் நல்ல முறையே. பொதுவெளிக்கு உரிய பழைய நூல், மலர், சஞ்சிகை ஆகியவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் போன்றவற்றுக்கு வழங்கலாம். குடும்ப ஆவணத்துக்கு அவ்வழி பொருந்தாது.

ஒத்திசைவைக் காப்புப் பிரதியெனக் கொள்ளும் மயக்கம் பரவலாக உண்டு. ஒத்திசைவு ஓரிடத்து மாற்றத்தை மற்றோரிடத்தும் உடன் நிகழ்த்துவது. தவறுதலாக ஒரு கோப்பை அழிப்பின் அவ்வழிவும் உடன் பரவும். முற்பட்ட வடிவங்களைப் பேணும் முறையே காப்பாகும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாக்கிறை என்னும் தீநிரல் கணினியின் கோப்புக்களோடு அதனுடன் இணைந்திருந்த தட்டுக்களின் கோப்புக்களையும் மறைகுறியாக்கிப் பணயம் கேட்டது. ஆதலின் பிரதி எடுத்தவுடன் தட்டைக் கழற்றிவிடுதல் வேண்டும். முழுப்பிரதியை ஒருமுறை எடுத்துப் பின்னர் மாறியவற்றை மட்டும் சேர்க்கும் முறை இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். ஆயின் அது சங்கிலி போன்றது, இடையில் ஒரு கண்ணி அறின் அதன் பின்னுள்ளவை பயன்படா. சில நூறு கோப்புக்களே உடைய வீட்டுக்கு மாதமொருமுறை முழுப்பிரதி எடுத்தலே போதுமானது.

பிரதி இருப்பதும் அதிலிருந்து மீட்க முடிவதும் ஒன்றல்ல. 2017 சனவரி 31இல் கிற்லாப் நிறுவனத்தில் தரவுத்தளமொன்று தவறுதலாக அழிக்கப்பட்டபோது, ஐந்து காப்பு முறைகள் இருந்தும் அவை உரியவாறு இயங்கவில்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. வேறொரு நோக்கத்துக்காக ஆறுமணிநேரம் முன்னர் எடுத்த படியே கைகொடுத்தது. ஆண்டுக்கு இருமுறையேனும் சில கோப்புக்களை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். மறைகுறியாக்கிய பிரதியாயின் அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, காணி உறுதி வைக்கும் பெட்டியில் இட்டு, வீட்டார் இன்னொருவருக்கும் அதன் இடத்தைச் சொல்லி வைத்தல் முறை.