கூடைப்பந்தில் ஒப்பற்றவர் யார்?



தோட்டத்துக் கடைத் திண்ணையில் மாலை நேரத்தில் எழும் வாக்குவாதங்களில், யார் பெரிய ஆட்டக்காரர் என்பது என்றும் தீராத ஒன்று. காற்பந்தில் மொக்தார் டஹாரியா, கோல்காவலர் ஆறுமுகமா என்று நம் பெரியவர்கள் மணிக்கணக்கில் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் கோல் போடுபவர், மற்றவர் கோலைத் தடுப்பவர். இருவரையும் எந்தத் தராசில் வைப்பது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. குரல் உயர்ந்தவர் வென்றார், அவ்வளவுதான்.

இன்றைய பேச்சுக்கு நாம் எடுத்துக்கொண்டது கூடைப்பந்து. நம் தோட்டங்களில் இதனை ஆடுவோர் குறைவு. பட்டணத்துச் சீனப் பள்ளிகளின் திடலில் பார்த்திருப்போம். இருந்தும் இதனை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. அமெரிக்காவில் தொழில்முறைக் கூடைப்பந்தில் மிகச் சிறந்தவர் யார் என்ற வழக்கு பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. எல்லாவற்றையும் எண்ணி எழுதி வைக்கும் ஆட்டம் அது. அவ்வளவு கணக்கு இருந்தும் வழக்கு ஏன் தீரவில்லை என்று பார்ப்பது நமக்கும் பயன் தரும். ஏனெனில் நம் உழைப்பையும் நம் பிள்ளைகளின் திறமையையும் கூட யாரோ ஒருவர் ஏதோ ஒரு கணக்கை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்துப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இதனை உண்டாக்கினார். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காகப் பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்து மாட்டினார். பிற்காலத்தில் கூடை போய் இரும்பு வளையம் வந்தது. பத்தடி உயரம் மட்டும் மாறவில்லை. (ஒரு வாத்தியார் செய்த வேலை உலகம் முழுவதும் பரவியிருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் நமக்கும் சிறிது பெருமைதான்.) பக்கத்துக்கு ஐந்து பேர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடி, எதிர்ப்பக்கத்து வளையத்தில் போட வேண்டும். 1946இல் தொடங்கி, 1949இல் வேறொரு சங்கத்துடன் இணைந்து என்.பி.ஏ. என்ற பெயர் பெற்ற சங்கமே அங்குள்ள தொழில்முறைப் போட்டிகளை நடத்துகிறது.

இனி வழக்குக்கு வருவோம். அதன் பழைய முகம் இரண்டு பேர்: வில்ட் சேம்பர்லின், பில் ரஸல்.

சேம்பர்லின் ஏழடி ஓரங்குலம் உயரம். 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி என்ற சிற்றூரில், நியூயார்க் குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அந்தச் சங்கத்தில் எவரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. அந்தப் பருவம் முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் 48 நிமிடம்; அவர் ஆடிய சராசரியோ 48.5 நிமிடம்! கூடுதல் நேரம் ஆடிய ஆட்டங்களையும் சேர்த்தால் அப்படி வருகிறது. அதாவது, ஓய்வே எடுக்கவில்லை என்று பொருள். இன்னொரு செய்தி வானொலி நேயர்களான நமக்கு இனிக்கும். 100 புள்ளி எடுத்த அந்த ஆட்டத்துக்குத் திரைப்படப் பதிவு கிடையாது. கடைசிக் கால்பகுதியின் வானொலி வருணனை மட்டுமே ஒலிப்பதிவாக மிஞ்சியிருக்கிறது.

ஆனால் அதே பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போயிற்று தெரியுமா? சேம்பர்லினுக்கு அல்ல, பாஸ்டன் குழுவின் பில் ரஸலுக்கு. அக்காலத்தில் அந்த விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. எதிரே நின்று அடிபட்டவர்கள், 50 புள்ளி எடுப்பவரை விட்டுவிட்டு ரஸலைத் தேர்ந்தார்கள். அந்த ஆண்டு இருவர் குழுக்களும் மோதிய தொடரிலும் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனே வென்றது.

ரஸல் செய்த வேலை என்ன? தடுத்தல். எதிரி வளையத்தை நோக்கி எறியும் பந்தைக் கையால் தட்டிவிடுவதில் அவருக்கு நிகர் இல்லை. அதையும் பார்வையாளர் கூட்டத்துக்குள் பறக்க அடிக்க மாட்டார். தம் தோழர் கைக்குப் போகும்படி மெதுவாகத் தட்டுவார். 1956 முதல் 1969 வரை 13 பருவங்கள் ஆடினார். அவற்றுள் 11இல் அவருடைய குழு வாகை சூடியது. கடைசி மூன்று பருவங்களில் அவரே பயிற்றுநரும் ஆவார். அந்தச் சங்கத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமைப் பயிற்றுநரானது 1966இல் அவரால்தான்.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். ரஸல் தம் வாழ்நாளில் எத்தனை பந்துகளைத் தடுத்தார்? எந்தப் புத்தகத்திலும் அந்த எண் இல்லை. ஏனெனில் தடுத்த பந்துகளை அந்தச் சங்கம் எண்ணத் தொடங்கியதே 1973ஆம் ஆண்டுப் பருவத்தில். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஆட்டத்தை விட்டிருந்தார். எந்த வேலையில் அவர் ஒப்பற்றவரோ, அந்த வேலைக்குக் கணக்கேடே இல்லை. போட்ட புள்ளிக்கு மட்டும் கணக்கு இருந்தது.

பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஸ்டோரில் பாலை நிறுத்தபோது இருவர் வாளியும் ஒரே எடை காட்டும். அவ்வளவில் இருவரும் சமமா? கிராணி மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார். ஒருவர் பாலில் உலர்ந்த ரப்பர் கூடுதலாக இருக்கும், மற்றவர் பாலில் நீர் கூடுதலாக இருக்கும். அத்தோடு முடிந்ததா? ஒருவருக்குக் கிடைத்தது புதிதாக வெட்டத் திறந்த சமதரை நிரை. மற்றவருக்கு மேட்டுப் பகுதியில் வயதான மரங்கள். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இன்னொன்று மிஞ்சும். உளியை ஆழமாக இறக்கிப் பட்டையைக் காயப்படுத்தியவர் இன்றைக்குக் கூடுதல் பால் காட்டுவார். காயம்படாமல் வெட்டியவருடைய மரம் பல ஆண்டு கழித்தும் பால் தரும். அந்தக் கெட்டிக்காரத்தனம் அன்றைய எடைச் சீட்டில் ஏறாது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுவோருக்கும் இதே கதைதான். எடை பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்டதற்கு மட்டுமே அது பதில் சொல்லும்.

‘அப்படியானால் வாகைகளை எண்ணிவிடலாமே, குழு வெல்வதுதானே முடிவு?’ என்று சிலர் சொல்வர். அதுவும் ஓரளவுக்குத்தான் செல்லும். ராபர்ட் ஹோரி என்று ஓர் ஆட்டக்காரர் இருந்தார். மூன்று குழுக்களில் ஆடி ஏழு முறை வாகை சூடினார். நெருக்கடியில் கைகொடுக்கும் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அவரை மிகச் சிறந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்ள மாட்டார். அதுவுமல்லாமல், ரஸல் ஆட வந்தபோது சங்கத்தில் இருந்தவை 8 குழுக்கள். 2004ஆம் ஆண்டு முதல் 30. எட்டில் முதலாவதாக வருவதும் முப்பதில் முதலாவதாக வருவதும் ஒன்றாகுமா?

விதிகளும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1950இல் நடந்த ஓர் ஆட்டம் 19க்கு 18 என்று முடிந்தது. பந்தைப் பிடித்துக்கொண்டு எறியாமலே காலம் கடத்தினார்கள். அதனால் 1954இல், 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி வந்தது. நெடிய ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கன் வளையத்தின் அருகிலேயே நின்று புள்ளி குவித்ததால், 1951இல் அந்த இடத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற கோடு 1979இல்தான் வந்தது. ஆகவே இரு காலத்து எண்களை அருகருகே எழுதிப் பார்ப்பதில் எச்சரிக்கை தேவை.

ஆகவேதான் நிதானமுள்ளோர், ‘நம் வாழ்நாளில் கண்டவர்களுள் யார்?’ என்று கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறார்கள். நாற்பது வயதைக் கடந்த நம் போன்றோருக்கு அந்தக் கேள்வி இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறது: மைக்கேல் ஜோர்டான், லெப்ரான் ஜேம்ஸ்.

ஜோர்டான் 1963இல் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் ஓராண்டு முதல் குழுவில் இடம் கிடைக்காமல் இரண்டாம் குழுவில் ஆடினார். (‘பள்ளிக் குழுவிலிருந்தே துரத்தினார்கள்’ என்று மேடைதோறும் சொல்வது சற்று உப்பும் மிளகாயும் சேர்த்த கதை.) 1984இல் சிகாகோ குழுவில் சேர்ந்தார். முதல் ஆறு பருவங்களில் வாகை இல்லை. 1988, 1989, 1990 மூன்று ஆண்டுகளும் டெட்ராய்ட் குழுவிடம் தோற்றார். பிறகு 1991 முதல் 1993 வரை மூன்று, 1996 முதல் 1998 வரை மூன்று, ஆக ஆறு வாகைகள். ஆறு இறுதித் தொடர்களிலும் அவரே சிறந்த ஆட்டக்காரர். ஒன்றையும் ஏழாவது ஆட்டம் வரை போக விடவில்லை. இடையில் 1993இல் அவருடைய தந்தையார் கொலையுண்டார். அந்த ஆண்டே ஆட்டத்தை விட்டு விலகிய ஜோர்டான், பேஸ்பால் ஆடிப் பார்த்துவிட்டு 1995இல் திரும்பினார்.

லெப்ரான் 1984இல், ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில், பதினாறு வயதுத் தாய்க்குப் பிறந்தவர். அந்தத் தாய் தனியே நின்று வளர்த்த பிள்ளை. 2003இல் பள்ளியிலிருந்து நேராகத் தொழில்முறைக்கு வந்தார். மூன்று வெவ்வேறு குழுக்களுக்கு நான்கு வாகைகள் பெற்றுத் தந்தார். 2016இல் அவருடைய கிளீவ்லேண்ட் குழு, ஒரு பருவத்தில் 73 ஆட்டங்கள் வென்ற எதிரியிடம் இறுதித் தொடரில் 1க்கு 3 என்று பின்தங்கியிருந்து, அடுத்த மூன்றையும் வென்றது. இறுதித் தொடரில் அதற்கு முன் எவரும் அப்படி மீண்டதில்லை. கரீம் அப்துல் ஜப்பார் இருபது பருவங்கள் ஆடிச் சேர்த்த 38,387 புள்ளிகளை லெப்ரான் 2023 பிப்ரவரி 7ஆம் நாள் தாண்டினார். 2024 அக்டோபரில் தம் மூத்த மகனோடு ஒரே குழுவில், ஒரே ஆட்டத்தில் இறங்கினார்.

ஆடுகளத்துக்கு வெளியே செய்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று சிலர் கேட்பர். நாம் சேர்க்க வேண்டும் என்போம். 1961இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், கறுப்பர்களுக்கு உணவு தர மாட்டோம் என்று தங்குவிடுதியில் சொன்னபோது, ரஸலும் அவருடைய கறுப்பினத் தோழர்களும் அங்கு ஆட மறுத்து ஊர் திரும்பினார்கள். அந்த ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒன்றும் இராது. ஆனாலும் அதனை ஒன்றுமில்லை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. லெப்ரான் 2018இல் ஏக்ரன் நகரத்துப் பள்ளி நிர்வாகத்தோடு சேர்ந்து, பின்தங்கிய பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்க உதவினார். பெற்றோருக்கும் அங்கே படிப்பு உண்டு.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வழக்கில் பெண்களின் பெயர் அடிபடுவதே இல்லை. 1997இல் அங்கே தொழில்முறைப் பெண்கள் சங்கம் ஆட்டத்தைத் தொடங்கியது. முதல் நான்கு ஆண்டும் ஹூஸ்டன் குழுவே வாகை சூடியது. நான்கு இறுதிகளிலும் சிறந்தவர் சிந்தியா கூப்பர் என்ற ஒரே அம்மையார். அவர் அந்தச் சங்கத்தில் ஆடத் தொடங்கும்போது வயது 34. அதற்கு முன் அவர் நாட்டில் அத்தகைய சங்கம் எதுவும் நிலைக்காததால், பல ஆண்டுகள் ஐரோப்பாவில் ஆடிப் பிழைத்தவர். அவருடைய இளமைக்கால எண்கள் இந்தக் கணக்கில் எங்கே?

சரி, வாத்தியார் யார் பக்கம் என்று கேட்பீர்கள். நழுவுவது முறையல்ல. நாம் ஜோர்டான் பக்கம். ஆறுக்கு நான்கு என்பதற்காக அல்ல. 1987-88ஆம் பருவத்தில் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றவரும் அவரே. போடுவதையும் தடுப்பதையும் ஒருவரே அந்த அளவுக்குச் செய்தார். சேம்பர்லினையும் ரஸலையும் ஓர் உடலில் பார்த்தது போல. இன்னொன்றும் உண்டு. 1997இல் வாகையை முடிவு செய்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில் எல்லாரும் அவரையே சூழ்ந்தபோது, பந்தை ஸ்டீவ் கெர் என்ற தோழரிடம் தள்ளினார். கெர் போட்டார், சிகாகோ வென்றது.

லெப்ரான் பக்கத்தாரிடம் வலுவான விடை இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் தளராமல் உழைத்ததை எந்தத் தராசில் வைப்பீர்கள் என்று கேட்கிறார்கள். நாள் தவறாமல் பெரட்டுக்குப் போய் நின்ற பெற்றோர்களுக்குப் பிறந்த நம்மால் அந்தக் கேள்வியை எளிதில் தள்ள முடியவில்லை. பத்து இறுதித் தொடர்களில் ஆறு தோற்றார் என்று அவரைக் குறை சொல்வோரிடம், பத்து முறை அங்கே போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று நாமே கேட்டிருக்கிறோம்.

நம் வகுப்பு மாணவர்களுக்கோ இந்த இருவருமே கிழவர்கள். அவர்கள் ஸ்டீபன் கர்ரி என்கிறார்கள். ஏன் என்று காரணம் எழுதச் சொன்னோம். ‘அவர் உயரம் ஆறடி இரண்டங்குலம்தான், ஆனால் தூரத்திலிருந்து போட்டு எல்லாரையும் தூரத்துக்கு வர வைத்துவிட்டார்’ என்று ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் அதற்கு எதிர்வாதம் எழுத இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.