வலி போச்சு... கணக்கு முடிஞ்சுதா?

சாத்தூர் காராசேவு தெரியுமில்லையா? நாலு வருஷத்துக்கு முன்னால் அதைக் கடித்தபோது என் கீழ்க் கடைவாய்ப் பல் ‘ணங்’கென்றது. அன்று ராத்திரி நாரணாபுரத்தில் என் வாய்க்குள் மட்டும் தீபாவளி!

விடிந்ததும் சிவகாசிக்கு ஓடினேன். மூன்று நடையில் ‘ரூட் கெனால்’ முடிந்து, பல்லுக்குத் தொப்பியும் போட்டாயிற்று. “அண்ணாச்சி, ஒரு வருஷம் கழிச்சு வாங்க. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும்” என்றார் டாக்டர்.

நான் பி.காம். பட்டாசு ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். ‘வலிதான் போச்சே, அப்புறம் எதுக்குத் தண்டச் செலவு?’ என்று அந்த அயிட்டத்தையே அடித்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம். வலி? ஊஹூம்! சம்சாரம்தான், “ஏங்க, சீழ் மாதிரி தெரியுதே” என்று பிடித்துத் தள்ளினாள். படம் எடுத்தால், வேர் நுனியில் கொண்டைக்கடலை சைஸுக்கு ஒரு கறுப்பு வட்டம். அந்த இடத்தில் எலும்பு கரைந்திருந்தது!

“வலிக்கவே இல்லையே டாக்டர்?”

“பல்லுக்குள்ள இருந்த நரம்பைத்தான் எடுத்தாச்சே! வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிட்டா, திருடன் வரும்போது யாரு சத்தம் போடுவா?”

விஷயம் இதுதான். வேருக்குள் கொஞ்சம் கிருமி மிச்சமிருந்தாலும், அது நுனி வழியாகக் கசிந்து எலும்பை மெள்ள அரிக்கும். சீழ் ஈறு வழியே வடிந்துவிடுவதால் பல சமயம் வலி தெரியாது. சிகிச்சை முடிந்ததும் எடுக்கிற படம், மருந்து வேர் நுனிவரை போயிருக்கிறதா என்று காட்டும். ஒரு வருஷம் கழித்து எடுக்கிற படத்தை அதோடு ஒப்பிட்டால்தான், எலும்பு வளர்கிறதா, கரைகிறதா என்பது புரியும். அதனால் பழைய படத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். 1899-லேயே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் டாக்டர் எட்மண்ட் கெல்ஸ், பல்லுக்குள் ஈயக் கம்பியை விட்டுப் படமெடுத்து வேரின் நீளத்தை அளந்தார். பாவம், பாதுகாப்பு முறைகள் தெரியாத காலம். வருஷக்கணக்காகக் கதிர் பட்டு விரல்களையும், பிறகு கையையும் இழந்தார்.

பயப்படாதீர்கள்! இன்றைக்கு ஒரு சின்னப் பல் படத்தில் நம்மேல் படும் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரே நாளில் தானாக வந்து சேருவதைவிடக் குறைவு. அதற்காகத் தேவையில்லாமல் எடுக்க வேண்டாம். கர்ப்பிணிகள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பழைய மருந்தைத் தோண்டி எடுத்து, மறுபடி சுத்தம் செய்து அடைத்தார்கள். முதலில் ஆனதைவிட அதிகச் செலவு. போன மாசம் எடுத்த படத்தில் கொண்டைக்கடலை கடுகாகச் சுருங்கியிருந்தது. பல் தப்பித்தது!

அடுத்த வருஷமும் போவேன். ஆடிட் ஆகாத கணக்கை மூடலாமா, நீங்களே சொல்லுங்கள்!

காராசேவா? அதை விடுவேனா! இப்போது மறுபக்கம் வைத்துக் கடிக்கிறேன்.