தோற்ற பிறகு ஐந்து நிமிடம்

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். 55ஆவது நகர்த்தலில் சீனாவின் டிங் லிரன் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். மூன்று நகர்த்தல்களுக்குப் பிறகு தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தார். உலக சாம்பியன் ஆகிவிட்ட 18 வயது குகேஷ், அழுதபடியே ஒரு காரியம் செய்தார். பலகையில் இருந்த காய்களை எடுத்துத் தொடக்க நிலையில் அடுக்கி வைத்தார். பிறகு செய்தியாளர்களிடம் டிங்கை உண்மையான சாம்பியன் என்று பாராட்டினார்.

குகேஷ் படித்தது மேல் அயனம்பாக்கத்தில். பிரக்ஞானந்தாவும் அவர் அக்கா வைஷாலியும் பாடிக்காரர்கள். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவர்கள் அடுத்த தெரு அண்ணன், அக்கா மாதிரி. அவர்களைப் போல ஆட நம் வகுப்பில் எத்தனை பேருக்கு வருமோ, தெரியாது. ஆட்டம் முடிந்ததும் காய்களை அடுக்க எல்லோருக்கும் வரும்.

விளையாட்டு நற்பண்பு வளர்க்கும் என்று காலை வணக்கக் கூட்டத்தில் சொல்கிறோம். அதே மைதானத்தில்தான் பிள்ளைகள் அழுகுணி ஆட்டம் ஆடுகிறார்கள், தோற்றவனைக் கேலி செய்கிறார்கள். எது படியும் என்பது, நாம் எந்த விதியை விடாமல் பிடித்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சதுரங்கத்தில் தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும். கட்டத்தில் நேராக வைக்கத்தான் தொடுவதென்றால், தொடுவதற்கு முன்பே ‘சரிசெய்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். வகுப்பில் இந்த விதியைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம், “சின்னப் பிள்ளைதானே” என்று. இருபது பலகைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் இடத்தில் யார் எதைத் தொட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. தொட்ட பிள்ளைக்கும் எதிரில் இருக்கும் பிள்ளைக்கும் மட்டுமே தெரியும். “ஆமாம், தொட்டேன்” என்று சொன்னால் ராணியே போய்விடலாம். நேர்மைக்கு விலை உண்டு என்பதை இவ்வளவு சின்ன வயதில், இவ்வளவு குறைந்த சேதத்தில் வேறு எங்கே பழக முடியும்? முதல் சில வாரங்கள் சண்டை வரும். வரட்டும்.

அடுத்தது தோல்வி. போட்டிகளில் ஆடுபவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் சேர்ந்து உட்கார்ந்து, எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று பார்ப்பார்கள். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஆட்டத்தை நிறுத்தினால் நம் பிள்ளைகளும் இதைச் செய்யலாம். “எந்த நகர்த்தலை மாற்றி வைத்திருப்பாய்?” என்ற ஒரு கேள்வி போதும். அதை வென்ற பிள்ளையிடமும் கேளுங்கள்.

இங்கே குகேஷின் இன்னொரு கதையைச் சொல்லலாம். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில், 7ஆவது சுற்றில் அலிரேசா ஃபிரூஸ்ஜாவிடம் அவர் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்தப் போட்டியை வெல்ல முடியும் என்ற எண்ணம் வந்ததாகப் பின்னர் சொன்னார். மீதி ஏழு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 14க்கு 9 புள்ளிகள் எடுத்து முதலிடம்.

பலகை இல்லாத பள்ளியா? கபடிக்குச் சுண்ணாம்புக் கோடு போதும். அதில் அவுட்டானவர் வெளியே உட்கார்ந்திருப்பார். தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால், முதலில் வெளியே போனவர் முதலில் உள்ளே வருவார். அவர் திரும்பி வருவது கூட்டாளி கையில் இருக்கிறது. “உன்னை உள்ளே கொண்டுவந்தது யார்?” என்று ஆட்டம் முடிந்ததும் கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் அந்தப் பெயர் நினைவுக்கு வரும். வகுப்பு ஆட்டத்தில் நாம் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளலாம்: எல்லோரும் ஒருமுறையாவது பாடிப் போக வேண்டும். இல்லையென்றால் ஒல்லியான பையன் ஓரத்திலேயே நின்றுவிடுவான். பெண் பிள்ளைகள் புள்ளி எழுதும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

வீட்டுப்பாடம் எழுதாததற்கு விளையாட்டை நிறுத்துவது நமக்கெல்லாம் கைவந்த தண்டனை. பெரும்பாலும், படிப்பில் ஓர் இடத்திலும் வெற்றியைக் காணாத பிள்ளையிடமிருந்துதான் அதைப் பறிக்கிறோம். உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் வாங்குவதும் அப்படித்தான். நானும் வாங்கியிருக்கிறேன், திருப்பிக் கொடுத்ததில்லை.

தோற்ற கோபத்தில் ஒரு பிள்ளை பலகையைத் தட்டிவிடும் நாளும் வரும். எல்லோர் முன்னாலும் திட்ட வேண்டாம். தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், எதிரில் ஆடிய பிள்ளையோடு சேர்ந்து காய்களைப் பொறுக்கட்டும். மேசைக்கு அடியில் உருண்ட சிப்பாய் உட்பட 32 காய்களும் வந்து சேர்ந்த பிறகு அடுத்த ஆட்டம்.