ஒரு புள்ளிக்கு ஒரு முடிச்சு

“இதே மாதிரி துப்பட்டா விளக்குத்தூண் கடைகள்ல கால் விலைக்குக் கிடைக்குதே, நீங்க மட்டும் ஏன் இவ்வளவு சொல்றீங்க?”

கண்காட்சிகளில் என் மேசைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். உழைத்துச் சம்பாதித்த பணத்தைக் கொடுக்கப்போகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. இரண்டு நிமிடத்தில் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மதுரையில் சின்ன அளவில் ஆடை வடிவமைப்புத் தொழில் செய்கிறேன். சுங்குடித் துணியில் குர்தா, துப்பட்டா, ரவிக்கை, தோள்பை, சின்னப் பர்ஸ் ஆகியவற்றைச் செய்து விற்கிறேன். பெரிய கடை கிடையாது. கண்காட்சி, இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும்தான் என் கடைத்தெரு. என்னைப் போலத் தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒருவர் சுடுமண்ணில் காதணி செய்கிறார், ஒருவர் கைத்தறித் துணியில் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிறார், இன்னொருவர் பனையோலையில் பை முடைகிறார். பொருள் வேறு வேறு என்றாலும் விலைக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

முடிச்சு எப்படிப் புள்ளியாகிறது?

சுங்குடி மதுரையின் அடையாளங்களில் ஒன்று. சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் புறப்பட்டு, நாயக்க மன்னர்களின் ஆதரவில் மதுரையில் குடியேறிய நெசவாளச் சமூகம் கட்டிக்காத்த கலை அது. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் அவர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் அந்தச் சமூகத்தில் பிறந்தவர்தான்.

செய்முறை பார்ப்பதற்கு எளிது. கஞ்சி நீக்கி வெளுத்த மெல்லிய பருத்தித் துணியை மடித்து, புள்ளி வர வேண்டிய இடங்களில் துவைத்தால் போய்விடும் சாயத்தால் குறி வைக்கிறார்கள். அந்த இடத்தில் துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இழுத்துச் சுற்றி இறுக்குகிறார்கள். நூலை அறுக்காமல் அப்படியே அடுத்த குறிக்குப் போகிறார்கள். துணி முழுக்க முடிச்சுப் போட்ட பிறகு அது சாயத் தொட்டிக்குள் இறங்குகிறது. நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. கிள்ளிய துணியின் நுனி மட்டும் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதில் சாயம் ஏறிவிடும். காய்ந்த துணியை இருவர் இரு பக்கம் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் சடசடவென்று அவிழும். அங்கே ஒரு வெள்ளை வளையமும் அதன் நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு நிறப்பொட்டும் இருக்கும். அதுதான் சுங்குடிப் புள்ளி.

இரண்டு நிறம் வேண்டுமென்றால் வேலையும் இரண்டு மடங்கு. முதலில் முடிச்சுப் போட்டு மஞ்சளில் முக்கி, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களில் மறுபடி முடிச்சுப் போட்டு, அப்புறம் சிவப்பில் முக்க வேண்டும். எப்போதும் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும். முதல் முடிச்சு ஒன்று தளர்ந்திருந்தாலும் அந்தப் புள்ளி கலங்கிவிடும். அதை அழித்துத் திருத்த வழி கிடையாது.

இப்போது ஒரு கணக்கு. ஒரு துப்பட்டாவில் 3,000 முடிச்சுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முடிச்சுக்கு 10 விநாடி. மொத்தம் 30,000 விநாடி, அதாவது 8 மணி 20 நிமிடம். நிமிராமல், கண்ணைத் துடைக்காமல், அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்காமல் கட்டினால்தான் இந்தக் கணக்கு. வீட்டு வேலைகளுக்கு நடுவே கட்டும் பெண்ணுக்கு அது மூன்று நாள் வேலை. துணி, நூல், சாயம், சாயக்காரர் கூலி, தையல், பயணம், கண்காட்சி வாடகை எல்லாம் இதற்கு மேல். கையால் செய்த எந்தப் பொருளின் விலையிலும் பெரும்பங்கு ஒருவருடைய நேரம்தான்.

வடிவமைப்பாளருக்கு என்ன வேலை?

நூற்றாண்டுகளாக அவர்கள் கட்டுகிறார்கள், நடுவில் நீ எதற்கு என்று கேட்கலாம். சுங்குடி சேலைக்காகவே பிறந்தது. உடல், கரை, முந்தி என்று சேலைக்குத்தான் அதில் புள்ளிகளின் அமைப்பு உண்டு. ஆனால் என் வயதுப் பெண்கள் வேலைக்குக் குர்தா போட்டுக்கொண்டு போகிறார்கள். சேலைத்துணியை வாங்கிக் குர்தாவாக வெட்டினால், பாடுபட்டுக் கட்டிய புள்ளிகளில் பாதி கத்தரிக்கும் தையல் மடிப்புக்கும் போய்விடும். ஒருவர் மணிக்கணக்கில் கட்டியதைக் குப்பைக்கு அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் நான் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறேன். முடிச்சுப் போடும் முன்பே வெள்ளைத் துணியில் கழுத்து, கைக்குழி, பக்கத் தையல் எல்லாவற்றையும் வரைந்துவிடுவேன். தையலுக்கு விட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன். வெட்டித் தைத்த பிறகு எந்தப் புள்ளி எங்கே வர வேண்டுமோ, அங்கே மட்டும்தான் குறி. முடிச்சு அவிழ்ந்த துணி சுருக்கங்களோடு குறுகி நிற்கும். அதைக் கையால் நீவி, ஒரு இரவு விரித்து வைத்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்போம்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. ஆளுக்கு ஆள் அளவு மாறும்போது கட்டும் இடமும் மாறுகிறது. சின்ன அளவுக்குக் கட்டிய துணி பெரிய அளவுக்கு உதவாது. எல்லா அளவிலும் கட்டி அடுக்கிவைக்க என்னிடம் முதல் இல்லை. இதை எனக்கு முடிச்சுக் கட்டித் தரும் பந்தடித் தெரு அம்மாவிடம் சொன்னேன். “துணி பூராவும் எதுக்குக் கண்ணு கட்டணும்? நெஞ்சுக்கு மேல ஒரு பட்டை, கை ஓரத்துல ஒரு பட்டை. மிச்சத்தை வெறுமனே விடு, நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

அவர் சொன்னபடியே செய்தேன். உடல் முழுக்க ஒரே நிறம், மேல்பட்டையிலும் கை ஓரத்திலும் மட்டும் நெருக்கமான புள்ளிகள். முடிச்சு குறைந்தது, விலை இறங்கியது, எந்த அளவுக்கும் அதே பட்டை பொருந்தியது. இன்று என்னிடம் அதிகம் போகும் குர்தா அதுதான். வாங்குபவருக்கு விலை குறைய வேண்டுமானால் முடிச்சைக் குறைக்கலாம், முடிச்சுக்கான கூலியைக் குறைக்கக் கூடாது. என் தொழிலின் அடிப்படை விதி என்று நான் நினைப்பது இதைத்தான். வடிவமைப்பாளர் தன் திறமையைக் காட்ட வேண்டிய இடமும் இதுதான்.

வெட்டியது போக மிஞ்சும் துண்டுகள் பர்ஸாகவும், துணிப் பொத்தானாகவும், தலைமுடிக்குப் போடும் பட்டையாகவும் ஆகின்றன. கட்டப் பழகும் பெண்களுக்கு முதலில் இந்தச் சின்னத் துண்டுகளைத்தான் கொடுப்போம். அவர்களுடைய முடிச்சு ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கும். பர்ஸில் அது அழகாகவே தெரியும். அவர்களுக்கும் அதே கூலிதான். பழகும் காலத்தில் பட்டினி போட்டால் எந்தக் கைவேலைக்கும் அடுத்த தலைமுறை வராது.

நிறத்தின் கதை

கேட்பவர்களுக்கு இயற்கைச் சாயத்திலும் செய்து தருகிறேன். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி, கறுப்புக்குக் கடுக்காயும் இரும்பும். மஞ்சிட்டியின் நிறம் பருத்தியில் ஒட்ட வேண்டுமானால் படிகாரம் வேண்டும். அது சாயத்துக்கும் இழைக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைக்கிறது. கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேரும்போது கறுப்பு பிறக்கிறது.

சுங்குடிக்கு மிகவும் ஒத்துப்போவது அவுரிதான். அவுரித் தொட்டியில் துணியைக் கொதிக்கவிட வேண்டியதில்லை. சற்று நேரம் முக்கி எடுத்தால் முதலில் பச்சையாக வரும், காற்றுப்பட்டதும் கண் முன்னாலேயே நீலமாக மாறும். அடர்த்தி வேண்டுமென்றால் மறுபடி மறுபடி முக்க வேண்டும். மஞ்சிட்டியில் துணி நெடுநேரம் வெந்நீரில் கிடக்க வேண்டும், தளர்ந்த முடிச்சு அதைத் தாங்காது. அதனால்தான் மஞ்சிட்டி வேலைக்குக் கை தேர்ந்தவர்களையே அழைக்கிறேன், கூலியும் கூடுதல்.

அச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே

கடைகளில் சுங்குடி என்ற பெயரில் இன்று விற்பதில் பெரும்பாலானது முடிச்சுப் போட்டதல்ல. சில துணிகளில் உருக்கிய மெழுகை அச்சால் ஒற்றி, சாயத்தில் முக்கி, வெந்நீரில் மெழுகை நீக்குகிறார்கள். சிலவற்றில் புள்ளியை நேராக அச்சடித்துவிடுகிறார்கள். மெழுகு வேலையும் கைத்தொழில்தான், அதை நம்பியும் மதுரையில் பல குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. முடிச்சுச் சுங்குடி என்று சொல்லி அச்சுத் துணியை விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு ஊரின் பெயரையும் கலையின் பெயரையும் காக்கும். ஒரு தனி வடிவமைப்பாளரின் கோலத்தை அது காக்காது. அதற்கு 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், முதலில் பத்து ஆண்டு பாதுகாப்பு கிடைக்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிது செய்யும் எங்களைப் போன்ற சிறியவர்களுக்கு ஒவ்வொன்றையும் பதிவு செய்வது நடக்கிற காரியமல்ல. என் குர்தா ஒன்றின் படத்தை எடுத்து, அதே புள்ளிக் கோலத்தை ஒரு கடை அச்சடித்து விற்றது. அச்சில் அந்தக் கோலத்தை எடுத்துவிடலாம், ஆனால் ஒன்றுக்கொன்று லேசாக மாறும் புள்ளியும் துணியின் சுருக்கமும் வராது. வாங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அதுவே எங்களுக்குப் பாதுகாப்பு.

செய்தவர் யார்?

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்கா அருகே ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. அதில் இயங்கிய தையல் ஆலைகளில் வேலை பார்த்த 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ‘என் உடையைச் செய்தது யார்?’ என்று வாங்குவோர் கேட்க வேண்டும் என்ற இயக்கம் உலகெங்கும் பரவியது. நம் ஊரில் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் சேலையோடு நெசவாளரின் படத்தையும் விவரத்தையும் இணைத்து விற்றிருக்கிறது. நல்ல முன்மாதிரி அது. நானும் ஒவ்வோர் உடையிலும் ஒரு சிறு அட்டை வைக்கிறேன். கட்டியவர் சம்மதித்தால் அவர் பெயர், சாயம் தோய்த்தவர் பெயர், தைத்தவர் பெயர் மூன்றும் அதில் இருக்கும். என் பெயர் கடைசியில்.

பெயரைவிட முக்கியமானது தொடர்ந்து வரும் வேலை. தீபாவளிக்கு முன் ஒரு மாதம் குவிந்துவிட்டுப் பிறகு காணாமல் போகும் வேலையை நம்பி எந்தப் பெண்ணும் இந்தக் கலையில் நிற்க மாட்டாள். அதனால் விற்பனை மந்தமான மாதங்களிலும் குறைந்த அளவிலாவது துணி கொடுத்துவிடுகிறேன். துணி திரும்பி வரும் நாளிலேயே கூலி கொடுப்பேன், அது விற்கும்வரை காக்கவைப்பதில்லை. அந்தச் செலவும் நீங்கள் கொடுக்கும் விலையில்தான் இருக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அடுத்த முறை சுங்குடி வாங்கும்போது துணியை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், ஒரே வட்டத்தில் இருந்தால் அது அச்சு. ஒன்றுக்கொன்று லேசாக மாறி, நடுவில் பொட்டும் துணியில் சுருக்கமும் இருந்தால் கை கட்டியது. திருப்பிப் பார்ப்பது மட்டும் போதாது, மெழுகு வேலையிலும் இருபுறமும் நிறம் ஏறியிருக்கும். கட்டியவர் யார், எத்தனை நாள் ஆனது, கூலி எப்போது கொடுத்தீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். சுடுமண் காதணியோ பனையோலைப் பையோ எதுவானாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சின்னதாக ஒன்று வாங்குங்கள், அல்லது அடுத்த வருடம் வாங்குங்கள். பேரம் பேசி இறக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடைசியில் முடிச்சுக் கட்டியவரின் கூலியில்தான் போய் விழும்.