திண்ணையில் அமர்ந்த ஏவலாள்

2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி டெபியன் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பு வெளிவந்த செய்தியைக் கண்ட வாசகர் ஒருவர், குறுந்தகட்டுக்கென்று வகுத்த ஐஎஸ்ஓ கோப்பையே பென்டிரைவில் எழுதினாலும் கணினி அதிலிருந்து கிளம்பிவிடுகிறதே, இது எவ்விதம் சாத்தியம் என்று வினவியிருக்கிறார். புதிய பதிப்புகளைப் பற்றிய ஆரவாரங்களில் பெரும்பாலானவை முகப்புத் திரையின் அலங்காரத்தோடு நின்றுவிடுவதால், இப்படியொரு கேள்வி வந்ததே சந்தோஷம்.

இந்தக் கோப்பைத் தயாரிப்பது டெபியன்-சிடி என்னும் கருவித் தொகுப்பு. 69,830-க்கும் அதிகமான மென்பொருள் பொதிகளில் எவை முதல் வட்டில் இடம்பெறத் தக்கவை என்பதை, தாமாக இசைந்து தகவல் அனுப்பும் பயனர்களின் உபயோகக் கணக்கைக் கொண்டு வரிசைப்படுத்திவிட்டு, அடுக்கும் வேலையை ஸோரிஸோ என்ற நிரலிடம் அது ஒப்படைக்கிறது. சரித்திரம் வேண்டுவோருக்கு: குறுந்தகட்டின் கோப்பு முறைக்கான ஐஎஸ்ஓ 9660 நியமம் 1988-இல் வந்தது, தகட்டிலிருந்தே கணினியைத் துவக்கும் எல் டொரிட்டோ முறையை ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 1995-இல் வகுத்தன. இவ்வளவு போதும்.

ரஸமான விஷயம் வேறிடத்தில் இருக்கிறது. நியமத்தை இயற்றியவர்கள், தகட்டின் ஆரம்பத்தில் 2,048 பைட்டுகள் கொண்ட 16 பகுதிகளை, அதாவது 32,768 பைட்டுகளை, கோப்பு முறைக்கு வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள். வழிப்போக்கருக்காக வீட்டின் முன்னே விட்டுவைத்த திண்ணை இது. கணினியைத் துவக்கிவைக்க, குறுந்தகட்டைத் தேடி வரும் பயாஸ் என்ற அதிதி, திண்ணையை ஏறெடுத்தும் பாராமல் உள்ளே சென்று, 17 என்று இலக்கமிட்ட பகுதியில் உள்ள எல் டொரிட்டோ குறிப்பைப் படித்துக் காரியத்தைத் தொடங்குவார். அவரே பென்டிரைவைத் தேடி வரும்போது ஆசாரம் வேறு: முதல் 512 பைட்டுகளைத் தாண்டி ஓர் அடியும் எடுத்துவைக்க மாட்டார். ஆகவே, எவரும் உபயோகிக்காத திண்ணையில் ஓர் ஏவலாளை, அதாவது 512 பைட்டுகளுக்குள் அடங்கும் ஒரு சின்னஞ்சிறு நிரலை அமர்த்தி, துவக்க நிரல் உள்ளே எந்த அறையில் இருக்கிறது என்ற விலாசத்தை அவனிடம் சொல்லிவைத்துவிட்டால், வந்தவர் அவன் காட்டிய வழியே போய்ச் சேர்ந்துவிடுகிறார். அவன் மடியில் 64 பைட்டு நீளமுள்ள ஓர் ஓலையும், அதாவது பிரிவுகளின் அட்டவணையும் உண்டு. யூஇஎஃப்ஐ என்ற நவீன அதிதி, ஏவலாளோடு ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த ஓலையைப் பிடுங்கிப் படித்து, அதில் குறித்திருக்கும் ஃபேட் வடிவப் பிரிவுக்கு நேரே நடந்துவிடுவார். இவ்வளவு நடமாட்டமும் வீட்டுக்காரருக்குத் தெரியாது என்பதுதான் விசேஷம். ஐஎஸ்ஓ கோப்பு முறையின் பத்திரத்தில் திண்ணைக்குக் கணக்கே கிடையாது. வாடகை கேட்பார் யாருமில்லை.

பென்டிரைவில் ஏற்கெனவே உள்ள கோப்புகளோடு இந்த ஐஎஸ்ஓவையும் ஒரு கோப்பாக இழுத்துப் போட்டால் கணினி துவங்காததன் காரணமும் இதுவே: அங்கே முதல் 512 பைட்டுகள் பழையபடியே இருக்கின்றன. பூஜ்ய பைட்டிலிருந்து அப்படியே எழுதியாக வேண்டும். ஒரே சொடுக்கில் சகலமும் செய்வதாக முழங்கும் செயலிகள் பல இருப்பினும், டெபியனின் நிறுவல் கையேடு யூனிக்ஸின் சாதாரணமான சிபி என்ற நகல் கட்டளையே போதும் என்கிறது. இலக்காகப் பென்டிரைவின் ஒரு பிரிவை அல்லாமல் முழுச் சாதனத்தையும் சுட்டவேண்டும், அப்போது அதில் முன்பிருந்தவை அழியும்.